புழுவையும் மிதியாத புனிதர்

உங்கள் பங்குக் கோவிலிலோ, கன்னியர் மடத்துப் பாடசாலை முற்றத்திலோ அந்தச் சுரூபத்தைக் கண்டிருப்பீர்கள். மண்ணிற அங்கி, இடையில் முடிச்சுப் போட்ட கயிறு, வெறுங்கால். தோளில் ஒரு புறா, காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி. ஐந்து காய வரம் பெற்ற புனித பிரான்சிஸ் அசிசியாரைச் சிறு பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தவர் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்தச் சுரூபத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, வாசகர்களே. அதில் அவர் எப்போதும் நல்ல சுகதேகியாக, புன்முறுவலோடு, பூந்தோட்டத்தில் உலாவ வந்தவர் போல நிற்கிறார். உண்மையில் தண்ணீரையும் நெருப்பையும் மண்ணையும் பற்றி அவர் பாடிய நாட்களில் அவருடைய கண்பார்வை ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது; இரைப்பையும் ஈரலும் கெட்டிருந்தன; இரவில் எலிகள் அவரை நித்திரை கொள்ள விடவில்லை. அந்த மனிதரைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவருடைய சபையார் நம் நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். 1543ஆம் ஆண்டு கோட்டே இராச்சியத்துக்கு வந்து மறைபரப்பத் தொடங்கிய துறவியர் அவர்களே. எனினும் சபையை நிறுவியவரின் வாழ்க்கையில் நாம் அதிகம் கேட்டிராத ஒரு பகுதியை, அண்மைக் காலத்தில் வெளியுலகமே நமக்கு நினைவூட்டியது. 1967ஆம் ஆண்டு லின் வைற் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். படைப்புக்கெல்லாம் மனிதனே எசமான் என்று மேற்றிசைக் கிறிஸ்தவம் ஊட்டி வளர்த்த எண்ணமே பூமி கெட்டுப்போவதற்கு வேராக அமைந்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. கசப்பான குற்றச்சாட்டு, அதில் மிகையும் உண்டு, உண்மையும் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் கட்டுரையின் முடிவில், மாற்றுவழி காட்டக் கூடியவர் என்று அவர் சுட்டியதும் ஒரு கிறிஸ்தவரையே. சூழலைப் பற்றி ஆராய்வோருக்கு அசிசியாரைப் பாதுகாவலராக வைக்கலாம் என்று கத்தோலிக்கர் அல்லாத அந்த அறிஞர் யோசனை சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1979ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அவ்வாறே பாதுகாவலராகப் பிரகடனப்படுத்தினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ், இப்பூமி நமது பொது இல்லம் என்ற கருத்தை விளக்கி எழுதிய சுற்றுமடலுக்கும் அசிசியாரின் பாடலிலிருந்தே பெயரிட்டார்.

இப்படிப்பட்ட பெருமைக்கு அந்த ஏழைத் துறவி என்னதான் செய்தார்?

அவர் பிறந்தது 1181இல் அல்லது 1182இல், இத்தாலியின் உம்பிரியா மாநிலத்து அசிசி நகரில். தந்தை பியேத்ரோ பெர்னர்தோனே பணக்காரத் துணி வியாபாரி. தாய் இட்ட பெயர் யோவான். பிரான்சு தேசத்துக்குக் கொள்வனவுக்காகச் சென்றிருந்த தந்தை திரும்பி வந்து பிரான்செஸ்கோ என்று மாற்றினார். பட்டும் பாட்டும் விருந்துமாகக் கழிந்தது இளமை. 1202இல் அயல் நகரான பெரூஜியாவோடு நடந்த போரில் பிடிபட்டு ஓராண்டளவு சிறையிருந்தார். வீடு திரும்பியபின் நீண்ட நோய். அதன் பின்னும் வீரப் பட்டம் பெறும் ஆசையோடு தென்னிலத்துப் போருக்குப் புறப்பட்டவர் ஸ்பொலேத்தோவில் மனம் மாறித் திரும்பினார். 1206இல் ஆயர் முன்னிலையில் தந்தையின் பணத்தோடு உடுத்திருந்த உடைகளையும் கழற்றி வைத்துவிட்டு நின்ற காட்சியை நீங்கள் அறிவீர்கள். அதை நான் விரித்துரைக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் நின்று நோக்குவோம். இளமையில் அவரால் காணச் சகிக்க முடியாதிருந்தவர்கள் தொழுநோயாளர். அவர்களுடைய குடியிருப்பு தூரத்தில் தெரிந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். மனமாற்றத்தின் நடுவிலே அவர் செய்த முதற் காரியம், அவர்களிடையே சென்று புண்களைக் கழுவியதாகும். தம் மரண சாசனத்தை எழுதுவித்தபோதும் தம் வாழ்வின் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது என்று குறிப்பிட்டார். மனிதர் முகந்திருப்பும் இடத்தைத் திரும்பிப் பார்க்கப் பழகிய கண் அது. பின்னாளில் அதே கண்தான் வழியில் நெளியும் புழுவையும் கண்டது. தம் சகோதரர்களுக்கு அவர் தேர்ந்த பெயரும் இந்த மனப்போக்கிலிருந்தே வந்தது. அவர்கள் சிறிய சகோதரர், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவர்கள்.

இனி, சொல்லப்போகும் சம்பவங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பீர்கள். செலானோ ஊரைச் சேர்ந்த தோமாஸ் என்னும் சகோதரர், பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியாரின் கட்டளைப்படி, அசிசியார் இறந்து மூன்று ஆண்டுகள் நிறையுமுன்னரே அவருடைய முதற் சரித்திரத்தை எழுதி முடித்தார். அவரோடு கூடவே வாழ்ந்த லியோ, ரூபீனோ, அஞ்சலோ என்னும் மூவரும் 1246இல் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்பினர். கூப்பியோ நகரத்து ஓநாயின் கதை இவற்றுக்கு நெடுநாள் பின்னர் எழுதப்பட்ட நூலில் வருவது. அழகான கதைதான், ஆயினும் அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஓநாயை விடப் புழுவே இன்று நமக்கு வேண்டியது.

மழை பெய்து விட்டால் உம்பிரியாவின் மண் பாதைகளிலும் புழுக்கள் வெளியே வரும். கழுதையும் வண்டியும் செல்லும் பாதை அது. அசிசியார் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மிதிபடாத ஓரத்தில் விடுவார். அவர் புழுவை ஏன் மதித்தார் என்பதற்குச் செலானோ தோமாஸ் தரும் காரணம் சிந்திக்கத்தக்கது. நம் ஆண்டவர் சிலுவையில் செபித்த சங்கீதத்தில், துன்பப்படும் நீதிமான் தன்னை ஒரு புழுவுக்கு ஒப்பிட்டுப் பேசுகிறான். அந்த ஒப்பீடு கர்த்தரைக் குறிப்பதென்றால், அந்தப் பெயரைச் சுமக்கும் சிற்றுயிரை எப்படி மிதிப்பது? வேதபாரகர் ஒருவர் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும். அசிசியார் வேதபாரகர் அல்லர். வேதத்தில் கேட்ட சொல்லை வீதியில் கண்டால் அடையாளம் கண்டுகொள்பவர், அவ்வளவே.

தேனீக்களுக்கு அவர் செய்தது இன்னும் வியப்பு. உம்பிரிய மலைகளில் பனிக்காலம் கொடியது. பூவில்லாத அம்மாதங்களில் கூட்டில் சேர்த்த தேன் தீர்ந்தால் தேனீக்கள் செத்துப்போகும். ஆகவே அவற்றின் முன் தேனோ நல்ல திராட்சை இரசமோ வைக்கும்படி ஏற்பாடு செய்வார். தம் சகோதரர்கள் அடுத்த நாளுக்கென்று எதையும் சேர்த்து வைப்பதை விரும்பாத மனிதர், தேனீயின் நாளைய பசிக்கு வழி தேடினார். தேனீயின் அருமையை அரசாங்கங்கள் உணர வெகு காலம் சென்றது. தேனீக்களுக்குக் கேடு செய்பவை என்று கண்ட மூன்று பூச்சிகொல்லிகளைத் திறந்த வயல்களில் பாவிக்கக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது 2018ஆம் ஆண்டிலேயே.

இத்தகைய சம்பவங்கள் பல. கிரேச்சியோவில் கண்ணியில் அகப்பட்ட முயற்குட்டியைச் சகோதரர் ஒருவர் உயிரோடு கொண்டு வந்தார். அசிசியார் அதைத் தரையில் விட விட, அது திரும்பி வந்து அவர் மடியிலேயே ஏறியது. கடைசியில் காட்டில் கொண்டுபோய் விடச் செய்தார். ரியெற்றி ஏரியில் மீனவர் ஒருவர் காணிக்கையாகத் தந்த பெரிய மீனைத் தண்ணீரிலேயே விட்டார். போர்சியுங்குலாவில் அவருடைய அறையை அடுத்த அத்திமரத்தில் ஒரு சிள்வண்டு எட்டு நாள் பாடியது. ஒன்பதாம் நாள் அதற்கு விடை கொடுத்து அனுப்பிவிட்டார். அது தம் வீண்பெருமைக்குக் காரணமாகி விடுமோ என்ற அச்சம்.

இவற்றை நாம் விரும்பிக் கேட்கிறோம். ஏனெனில் இவை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கேட்பவை வேறு சில. அவை விறகைப் பற்றியவை, தோட்டத்தைப் பற்றியவை, கை கழுவும் தண்ணீரைப் பற்றியவை. அவரைச் சூழ இருந்தவர்கள் இவற்றையும் மறவாமல் குறித்து வைத்தது நம் பாக்கியம்.

விறகு வெட்டப்போகும் சகோதரருக்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். மரத்தை முழுவதும் வெட்டக் கூடாது. மறுபடி தளிர்க்கும் நம்பிக்கை இருக்கும்படி அடிப்பாகத்தை விட்டு வெட்ட வேண்டும். சிந்துரமும் கஷ்கொட்டையும் அப்பகுதிக் காடுகளின் மரங்கள். அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையவை. கிளுவை வேலியில் கதியால் வெட்டிப் பழகிய நம்மவர்க்கு இதன் சூட்சுமம் சொல்லாமலே விளங்கும். ஆனால் விறகுக் கணக்கு மட்டும் அல்ல அவர் மனதில் இருந்தது. நமது மீட்பு நிறைவேறியது ஒரு மரத்தின் மேல். அதன் பொருட்டு எந்த மரத்துக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது அவர் எண்ணம்.

தோட்டம் செய்யும் சகோதரருக்கு வேறொரு கட்டளை. நிலம் முழுவதையும் கொத்திக் கறிவகையே நடக் கூடாது. ஓரங்களைக் கொத்தாமல் விட வேண்டும். அங்கே புல்லும் காட்டுப் பூவும் தம் காலத்தில் தாமே முளைக்கட்டும். இன்னொரு சிறு பாத்தி வாசனைப் பூண்டுகளுக்கும் பூக்களுக்கும். சிந்தித்துப் பாருங்கள்: இது பிச்சை எடுத்து உண்ணும் துறவியரின் தோட்டம். ஓரத்து நிலத்திலும் நாலு கீரை நட்டால் இன்னொருவருடைய பசி தீரும் என்று ஒரு நியாயம் சொல்லியிருக்கலாம். தோட்டக்காரச் சகோதரரும் அப்படி நினைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அசிசியாரோ பசிக்கும் ஓர் எல்லை போட்டார். எனக்கு உணவு தரும் மண், என் உணவுக்காக மட்டும் உண்டாக்கப்பட்டதன்று. இன்று ஐரோப்பாவில் விவசாயிகள் வயலோரங்களை உழாமல் விட்டு, தேனீக்கும் பறவைக்கும் இடம் கொடுக்க முயல்வதைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தோட்டமே என் நினைவுக்கு வரும்.

கை கழுவப் போனால், கழுவிய நீர் பிறர் காலில் மிதிபடாத இடமாகத் தேடி நின்று கழுவுவார். பாறைகளின் மேல் நடக்க நேர்ந்தால் பயபக்தியோடு அடி வைப்பார். எரியும் விளக்கையும் மெழுகுதிரியையும் அணைக்க அவருக்கு மனம் வராது. இவற்றில் சில வேறெவருக்கும் பொருந்தாதவை. அதைச் சொல்லிவிடுவதே நேர்மை. ஒரு நாள் நெருப்பருகே இருந்தபோது அவருடைய கால்சட்டையில் தீப்பற்றியது. தீயை அணைக்க ஓடிவந்த சகோதரரை அவர் தடுத்தார். அந்தச் சகோதரர் மடத்து மேலாளரை அழைத்து வந்துதான் அணைக்க முடிந்தது. நீங்களோ நானோ இதைப் பின்பற்றத் தேவையில்லை. ஆனால் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளிச் சரிக்கும்போதும், ஒரு முறை பாவித்த பொலித்தீன் பையை வேலிக்கு அப்பால் வீசும்போதும், சுவரோரம் ஊரும் எறும்பு வரிசைக்குக் கொதிநீரை ஊற்றும்போதும், கழுவிய நீருக்கும் இடம் பார்த்து நின்ற அவருடைய நினைவு ஒரு கணம் குறுக்கே வந்தால் அதில் நட்டமில்லை.

அவர் மாமிசமே தொடாதவர் என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. அது தவறு. எந்த வீட்டிற்குப் போனாலும் முன்வைத்ததை உண்ணலாம் என்ற சுவிசேஷ வார்த்தையின்படி நடக்கவே தம் சபையாருக்கு அவர் அனுமதி கொடுத்திருந்தார். நத்தார் தினம் வெள்ளிக்கிழமையில் வந்தால் மாமிசம் உண்ணலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அன்றைக்குச் சுவர்களுக்கும் மாமிசம் பூச வேண்டும் என்ற கருத்தில் அவர் விடை சொன்னாராம். பிச்சைக்கும் போகாமல், செபத்துக்கும் வராமல், சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் வரும் சகோதரர் ஒருவரை ஈ என்று பெயரிட்டுத் துரத்தியதும் உண்டு. புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டியைக் கடித்துக் கொன்ற ஒரு பெண் பன்றியை அவர் சபித்தார் என்றும், அது மூன்றாம் நாள் செத்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசிச் சம்பவம் எனக்கு அவ்வளவு உவப்பானதன்று. பன்றிக்கு என்ன தெரியும்? என்றாலும் சுரூபத்தில் காணும் மனிதரைவிட இந்த மனிதர் நிஜமானவர்.

அவருடைய இரக்கம் செலவு வைத்தது என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. அங்கோனாப் பகுதியில் ஒருவன் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனான். அவற்றின் கதறலைக் கேட்ட அசிசியார் அருகே சென்று தடவிக் கொடுத்தார். விற்றபின் அவற்றுக்கு என்ன நடக்கும் என்பதை அறிந்ததும் தம் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்து இரண்டையும் வாங்கிவிட்டார். அந்த அங்கியோ குட்டிகளின் விலையைவிடப் பன்மடங்கு பெறுமதியானது. அதுவும் குளிருக்காக ஒரு நல்ல மனிதரிடம் அன்றுதான் இரவலாக வாங்கியது! வாங்கியபின் தான் அடுத்த கேள்வி எழுந்தது. வீடு வாசல் இல்லாத இரண்டு துறவிகள் ஆட்டுக்குட்டிகளை வைத்து என்ன செய்வது? கூட வந்த சகோதரரோடு கலந்து பேசி, விற்றவனிடமே திருப்பிக் கொடுத்தார். இனி இவற்றை விற்கக் கூடாது, துன்புறுத்தக் கூடாது, வளர்த்துக் காக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நல்ல வியாபாரியின் மகனுக்கு இப்படி ஒரு வியாபாரம்.

இப்போது எலிகளுக்கு வருவோம்.

1219இல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த எகிப்துக்குச் சென்று சுல்தானைச் சந்தித்துத் திரும்பியபோது அவர் கண்நோயோடு வந்தார். 1224இல் லா வேர்ணா மலையில் ஐந்து காயங்கள் பெற்றபின் உடல் இன்னும் நொந்தது. அடுத்த ஆண்டு, சான் தமியானோவில், புனித கிளாராவும் அவருடைய சகோதரிகளும் வாழ்ந்த கன்னியர் மடத்தின் அருகே, பாயால் மறைத்த ஒரு சிறு குடிலில் ஐம்பது நாட்களுக்கு மேல் கிடந்தார். பகல் வெளிச்சத்தையும் தாங்க முடியாது, இரவில் நெருப்பின் ஒளியையும் தாங்க முடியாது. ஓயாத கண்வலியால் நித்திரையும் இல்லை. போதாக்குறைக்கு எலிகள். அவர் மேலும் அவரைச் சுற்றியும் இரவெல்லாம் ஓடின, செபிக்க விடவில்லை, சாப்பிடும்போது மேசை மேலும் ஏறின. இது பசாசின் சோதனை என்றே அவரும் கூட இருந்தவர்களும் கருதினார்கள்.

வாசகர்களே, எலி ஓடிய வீட்டில் ஓர் இரவைக் கழித்தவர்கள் அவருடைய நிலையை உணர்வார்கள். அப்படி ஓர் இரவில் அவர் தம்மைக் குறித்தே இரக்கப்பட்டு அழுது, பொறுமைக்காக மன்றாடினார். மன்றாட்டில் ஆறுதலும் நித்திய வாழ்வின் வாக்குறுதியும் பெற்றார். விடிந்ததும் எழுந்திருந்து தம் தோழர்களை அழைத்து ஒரு புதுப் பாடலைச் சொல்லத் தொடங்கினார். அதுவே சிருஷ்டிகளின் கீதம் என்று உலகம் அறிந்த பாடல். இலத்தீனில் அல்லாது உம்பிரிய மக்களின் பேச்சு மொழியிலே பிறந்தது. இத்தாலிய மொழிக் கவிதைகளுள் மிக முந்தியவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அந்தப் பாடலில் யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சூரியன், சந்திரன், விண்மீன்கள், காற்று, தண்ணீர், நெருப்பு, பூமித்தாய். பின்னர் சேர்த்த பகுதிகளில் மன்னிக்கும் மனிதரும் மரணமும். ஒரு பறவை இல்லை! ஆட்டுக்குட்டி இல்லை, தேனீ இல்லை, புழுவும் இல்லை. அவர் நேசித்த உயிர்களில் ஒன்றின் பெயரும் அதில் இல்லாதது ஏன்? காரணத்தை அவருடைய தோழர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். நாம் நாள்தோறும் பாவிக்கும் பொருட்களுக்காக, அவை இல்லாமல் ஒரு நாளும் நம்மால் வாழ முடியாதவற்றுக்காக, ஒரு பாடல் செய்ய அவர் விரும்பினார். அவற்றைப் பாவிக்கும் விதத்திலேதான் மனித குலம் சிருஷ்டிகரை அதிகமாக நோகச் செய்கிறது என்பது அவருடைய துக்கம். காலையில் எழுந்து வெளிச்சத்தை எடுக்கிறோம், காற்றை எடுக்கிறோம், கிணற்றில் அள்ளுகிறோம், அடுப்பை மூட்டுகிறோம், மண்ணில் விளைந்ததை உண்கிறோம், நன்றி சொல்வதில்லை. அதில் புழுவின் பெயர் இல்லாவிட்டால் என்ன? அது வாழும் மண் இருக்கிறது. மீனின் பெயர் இல்லாவிட்டாலும் அதன் நீர் இருக்கிறது. அந்த இரண்டையும் கெடுத்துவிட்டு, தோளில் புறா வைத்த சுரூபத்துக்கு மாலை போடுவதை அவர் ஏற்பாரா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

சூரியனைப் பாடிய அந்த நாட்களில் அவருக்குச் சூரியனைப் பார்க்க முடியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

தாம் பாடியதற்கு விலையும் அவர் சீக்கிரமே கொடுக்க நேர்ந்தது. கண்ணுக்கு வைத்தியம் என்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்னத்திலிருந்து புருவம் வரை சுட வைத்தியர் தீர்மானித்தார். இரும்பு நெருப்பில் சிவப்பதைக் கண்டதும் அவர் உள்ளம் நடுங்கியது. அப்போது நெருப்பை நோக்கி, சகோதரனிடம் கேட்பது போல, தாம் அதை எப்போதும் நேசித்து வந்ததை நினைவூட்டி, தமக்குத் தாங்கக்கூடிய அளவில் நடந்துகொள்ளும்படி கேட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தார். தோழர்கள் பார்க்கச் சகிக்காமல் வெளியே ஓடிவிட்டார்கள். திரும்பி வந்தபோது வலிக்கவில்லை என்று கூறி, ஓடியதற்காக அவர்களைச் செல்லமாகக் கடிந்தார். அந்தச் சிகிச்சையால் பார்வை திரும்பவில்லை.

பறவைகளில் அவருக்கு மிகப் பிரியமானது வானம்பாடி. மண்ணின் நிறம், தலையில் துறவியின் முக்காடு போல ஒரு கொண்டை, பாதையோரத்தில், சாணத்திலும் கூடத் தானியம் பொறுக்கி உண்டு, பின் பாடிக்கொண்டே உயரப் பறக்கும். நல்ல துறவி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் அதைக் காட்டுவாராம். பேரரசரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சட்டம் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருந்தது. வானம்பாடிகளை எவரும் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. நத்தார் தினத்தில் நகரத் தலைவர்கள் பாதைகளில் தானியம் தூவுவித்து, இவையும் மற்றப் பறவைகளும் வயிறார உண்ணச் செய்ய வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் பாலன் பிறந்தபடியால் அந்த இரவில் மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் நிறையத் தீனி போட வேண்டும். ஏழைகளைப் பணக்காரர் அன்று பந்தியில் இருத்தி உணவளிக்க வேண்டும். ஏழைகளையும் மாடுகளையும் பறவைகளையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அப்போது ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடரிக். வல்லூறுகளைப் பழக்கிப் பறவைகளை வேட்டையாடும் கலையில் அவருக்கு நிகரில்லை. அதைப் பற்றிப் பெருநூல் ஒன்றையும் எழுதியவர். வானம்பாடிக்கான அந்த விண்ணப்பம் அசிசியாரின் ஆசையாகவே நின்றுவிட்டது. ஆனால் 1223ஆம் ஆண்டு நத்தாரன்று கிரேச்சியோ மலைக் குகையில் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள ஒரு மாட்டையும் கழுதையையும் கொண்டு வந்து நிறுத்தி, அதன் மேல் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார். நீங்கள் ஆண்டுதோறும் வீட்டில் வைக்கும் பாலன் குடிலில் மாடும் கழுதையும் நிற்பதைப் பார்க்கும்போது அந்த இரவை நினைத்துக்கொள்ளலாம்.

1226ஆம் ஆண்டு செப்டெம்பரில் இனிப் பிழைக்க வழியில்லை என்று தெரிந்ததும், போர்சியுங்குலாவுக்குத் தம்மைக் கொண்டுபோகச் சொன்னார். கட்டிலில் சுமந்து சென்றவர்களை வழியில் நிறுத்தி, அசிசி நகரின் பக்கம் தம்மைத் திருப்பச் சொல்லி, காணாத கண்களோடு அதை ஆசீர்வதித்தார். தம் பாடலின் இறுதியில் மரணத்தையும் சகோதரியாகச் சேர்த்திருந்தார். அதைத் தோழர்கள் பாடக் கேட்டார். முடிவு நெருங்கியபோது அங்கியையும் கழற்றித் தம்மை வெறுந் தரையில் கிடத்தும்படி கேட்டுக்கொண்டார்.

ஒக்டோபர் 3ஆம் திகதி, சனிக்கிழமை மாலை. வானம்பாடி பகல் வெளிச்சத்தை விரும்பும் பறவை. இருட்டுப்பட்டபின் வெளியே காணப்படுவது அரிது. அன்றோ, பொழுது சாய்ந்து மாலைச் செபமும் முடிந்தபின், ஏராளமான வானம்பாடிகள் அவர் கிடந்த வீட்டின் கூரைக்கு மேல் தாழப் பறந்து, வட்டமிட்டு வட்டமிட்டுப் பாடின. உள்ளே தரையைச் சுற்றி நின்ற சகோதரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.